‘சிஸ்டத்தில் போட்டுவிட்டேனே, சிஸ்டர்!’

கேள்வி: கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆண்கள் மெடிக்கல் வார்டில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன்பு மருந்து எழுதுவது, மருந்து கொடுத்ததைக் குறிக்கும் டிரக் சார்ட் எல்லாம் கணினிக்கு மாறிவிட்டன. முன்பெல்லாம் ரவுண்ட்ஸில் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதும்போது நான் பக்கத்தில் நிற்பேன். இப்போது ஓ.பி. அறையிலிருந்தோ வீட்டிலிருந்தோ மருந்தை மாற்றிவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரிவதற்குள் பழைய மருந்தைக் கொடுத்து முடித்திருக்கிறோம். போன மாதம் ‘ஸ்டாட்’ (உடனே கொடுக்க வேண்டும்) என்று போட்ட ஆன்டிபயாடிக்கை நாங்கள் கவனிக்க இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இளம் டாக்டர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், “சிஸ்டத்தில் போட்டுவிட்டேனே, சிஸ்டர்! என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார். அப்போது நான் வேறொருவருக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரவில் போன் செய்தால், “என் பாஸ்வேர்டில் நீங்களே போட்டுவிடுங்கள்” என்கிறார்கள். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெற இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. கணினி அவருக்குக் கைவரவில்லை. ஸ்டோர் ரூமில் தனியே அழுததைப் பார்த்தேன். பழைய முறையே மேல் என்று நிர்வாகத்திடம் சொல்லலாமா? டாக்டர்களிடம் இதை எப்படிப் பேசுவது?

— ஒரு செவிலியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பாஸ்வேர்டு. மற்றவற்றை நிதானமாகப் பேசலாம், ஆனால் இது உங்களுக்கு இன்று இரவு டியூட்டிக்கே தேவைப்படும். இன்னொருவர் பாஸ்வேர்டில் ஒரு பாரசிட்டமால் கூடப் போடாதீர்கள்.

இரவு 1.40-க்கு டாக்டரின் பெயரில் ஒரு ஊசி பதிவாகிறது. அவர் அந்த நேரத்தில் வீட்டில் படுத்திருக்கிறார். கணினிக்கு முன்னால் இருந்தது நீங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், “நான் 4 என்றேன், சிஸ்டர் 40 போட்டுவிட்டார்” என்று அவர் சொல்வார். “அவர் 40 என்றுதான் சொன்னார்” என்று நீங்கள் சொல்வீர்கள். இருவரிடமும் சான்று இருக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, மற்றவருடைய பாஸ்வேர்டை ஏமாற்றும் நோக்கத்தோடு பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. உங்களிடம் அந்த நோக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை ஒரு விசாரணையில் உட்கார்ந்து நிரூபிக்கும் நிலை உங்களுக்கு எதற்கு?

போனில் சொன்னதைப் போன் ஆர்டராகவே எழுதுங்கள். நோயாளியின் பெயர், படுக்கை எண், மருந்து, அளவு, எந்த வழியாக, எத்தனை மணிக்கு என்று எழுதி, எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். ‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் போனில் ஒன்றாகவே கேட்கும். ‘ஒன்று ஐந்து’ என்பதும் ‘ஐந்து பூஜ்யம்’ என்பதும் அப்படி ஒன்றாகக் கேட்காது. முடிந்தால் உடன் இருக்கும் நர்ஸும் ஸ்பீக்கரில் கேட்கட்டும். மென்பொருளில் ‘வாய்மொழி உத்தரவு’ என்று ஒரு பகுதி இருந்தால் உங்கள் பெயரில் அங்கே பதியுங்கள். இல்லையென்றால் காகிதத்தில் எழுதி, காலையில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் மருத்துவமனை, மருத்துவமனைகளின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எச்.-இன் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் வாய்மொழி உத்தரவுக்கென்று எழுதிவைத்த நடைமுறை இருந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்கி ஒரு நகலை நர்ஸ் மேஜையில் ஒட்டிவையுங்கள்.

டாக்டரிடம் சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. “டாக்டர், உங்கள் பெயரில் நான் போட்டு நாளைக்குத் தப்பு வந்தால் அது உங்கள் தலையில்தான் விழும். போன் ஆர்டராக எழுதிக்கொள்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். முறைப்படி நடக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள்கூட, தங்கள் தலை என்றதும் அமைதியாகிவிடுவார்கள். மனதுக்குள் நான் கேட்டுக்கொள்வது வேறு: வீட்டிலிருந்து மருந்தை மாற்ற முடிகிற மொபைல், இரவு இரண்டு மணிக்கு மட்டும் வேலை செய்யாதா?

இனி, பழைய முறையே மேலா என்ற கேள்வி. இல்லை. அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை. கேஸ் ஷீட்டில் இன்சுலின் ‘10’ என்று எழுதி, யூனிட் என்பதற்கு ஆங்கில ‘யூ’ எழுத்தைப் பக்கத்திலேயே ஒட்டி எழுதியிருந்தார் டாக்டர். அந்த ‘யூ’ மேலே மூடிக்கொண்டு பூஜ்யம் போல இருந்தது. நான் 100 என்று படித்தேன். நம் ஊர் இன்சுலின் சிரிஞ்சு 40 யூனிட்டுக்கானது. ஒன்றை நிரப்பி வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தபோது, படுக்கையில் இருந்த வீராம்பட்டினத்துப் பெரியவர், “எனக்கா அம்மா? எனக்கு எப்போதும் ஒரு ஊசிதானே போடுவார்கள்?” என்றார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பகுதியில் உங்களுக்குப் பதில் எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். தட்டச்சில் இந்த ‘யூ’ பூஜ்யமாக மாறாது. அதற்காகவே கணினியை நான் வரவேற்றேன்.

என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவில் பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் மருந்தைக் கணினியில் எழுதத் தொடங்கியதும், நோயாளி வரை போய்ச் சேரும் கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. நம் பக்கமும் இது போகிற திசை தெளிவாக இருக்கிறது. தேசிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று முன்னோட்டமாக ஆறு யூனியன் பிரதேசங்களில் தொடங்கியபோது, அவற்றில் புதுச்சேரியும் ஒன்று. காகிதத்தைத் திரும்பக் கேட்டால், வேலை செய்யச் சோம்பல்படுகிறவர் என்ற பெயர்தான் உங்களுக்கு மிஞ்சும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் குறை உண்மையானது. அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2005-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பிலடெல்பியாவில் ஒரு மருத்துவமனையில், கணினியில் மருந்து எழுதும் முறையே தவறுக்கு வழிவிடும் 22 விதங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒரு நோயாளியின் எல்லா மருந்துகளையும் பார்த்து முடிக்கச் சில நேரங்களில் 20 திரைகள் வரை புரட்ட வேண்டியிருந்ததாம். இன்னொன்று எனக்கு மறக்கவே மறக்காது. திரையில் 10 மில்லிகிராம் மாத்திரை என்று தெரிந்தால், அதுதான் வழக்கமான தொடக்க அளவு என்று இளம் டாக்டர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது ஃபார்மசியில் என்ன அளவில் இருப்பு வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் பட்டியல், அவ்வளவுதான்!

மற்றொன்று பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனை. வேறு மருத்துவமனைகளிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு, புதிய முறைக்கு முன்பு 2.80 சதவீதமாக இருந்தது, பிறகு 6.57 சதவீதமானது. மென்பொருள் தப்பான மருந்தைக் கொடுத்துவிடவில்லை. முன்பு ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே டாக்டர் சொல்வார், சிஸ்டர் மருந்தை எடுத்துத் தயாராக வைத்திருப்பார். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகுதான் மருந்தையே எழுத முடிந்தது. மருந்து வார்டிலிருந்து மையக் கிடங்குக்குப் போய்விட்டது. டாக்டரும் நர்ஸும் படுக்கையை விட்டுக் கணினிக்குப் போனார்கள். நேருக்கு நேர் பேசிக்கொள்வதும் குறைந்தது. பின்னர் சியாட்டிலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை அதே நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டுவந்தது. அங்கே இறப்பு கூடவில்லை. ஒரே மென்பொருள்தான், அதைச் சுற்றி வேலையை எப்படி அடுக்கினார்கள் என்பதில்தான் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் வந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் வார்டில் எது போய்விட்டது என்று யோசித்துப் பாருங்கள். ரவுண்ட்ஸில் டாக்டர் பேனாவைத் திறக்கும்போது நீங்கள் கட்டிலுக்கு மறுபக்கம் நின்றீர்கள். “சார், இவர் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை” என்பீர்கள். அவர் எழுத வந்த இன்சுலின் அளவு எழுதுவதற்கு முன்பே குறையும். “இவருக்குப் போன முறை இந்த ஊசியில் தடிப்பு வந்தது” என்பீர்கள், மருந்தே மாறும். இதெல்லாம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. டாக்டர் எழுதிய மருந்து என்று மட்டும்தான் பதிவானது. அதனால் மென்பொருள் செய்ய வந்தவர்களுக்கு அது தெரியவும் இல்லை. எழுதுவதைக் கணினிக்குள் கொண்டுபோனார்கள், இரண்டு பேர் ஒரு கட்டிலருகே நின்ற அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டார்கள்.

டாக்டர் பக்கத்திலிருந்தும் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் ‘அனுப்பப்பட்டது’ என்று வருகிறது. அவருக்குச் சொல்லியாயிற்று. தபால் பெட்டியில் போட்ட கடிதத்துக்கு அன்று மாலையே பதில் எதிர்பார்ப்பது போலத்தான் இதுவும். அவருடைய தலைவலி வேறு: ஒரு மருந்தை எழுதுவதற்குள் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகத் திரையில் குதிக்கிறது. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். நாய் சும்மா சும்மா குரைத்தால் திருடன் வரும்போதும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. முன்பு அவருடைய கைப்பிழையைப் பக்கத்தில் நின்று பிடித்தவர் நீங்கள். இப்போது அவரும் அங்கே தனியாகத்தான் இருக்கிறார், அதை அவர் உணரவில்லை.

எனவே நான் உங்களைச் செய்யச் சொல்லும் முதல் காரியம் மிகச் சிறியது. அந்த டாக்டர்களில் கொஞ்சம் காது கொடுக்கிறவர் யாரோ, அவரை ஒரு மதியம் பத்து நிமிடம் நர்ஸ் மேஜைக்கு அழையுங்கள். தேநீர் கொடுங்கள். பயிற்சிக்கென்று மென்பொருளில் போலி நோயாளி ஒருவரை வைத்திருப்பார்கள். அந்தப் பெயரில் அவர் மொபைலிலிருந்து ஒரு ‘ஸ்டாட்’ போடச் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து உங்கள் திரையைப் பாருங்கள். என் அனுபவத்தில், டாக்டர்கள் பெரும்பாலும் நர்ஸின் திரையைப் பார்த்ததே இல்லை. அவருக்குச் சிவப்பில் மின்னுகிற ‘ஸ்டாட்’, உங்களுக்கு ஒலி எதுவும் இல்லாமல், அந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் மட்டுமே தெரிகிற ஒரு வரியாக இருக்கலாம். அதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால் நீங்கள் அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

அதோடு இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். உத்தரவு போட்ட நேரம், நீங்கள் பார்த்த நேரம், மருந்து கொடுத்த நேரம், இடையில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். டாக்டர் பெயர் வேண்டாம். பெயர் எழுதிய நோட்டைக் குற்றப்பத்திரிகையாகத்தான் படிப்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்டையும் வார்டின் தலைமை டாக்டரையும் ஒன்றாகப் பாருங்கள். ஒருவரிடம் மட்டும் போனால் மற்றவர் அதைப் புகார் என்பார்.

அங்கே கேட்க வேண்டியது அதிகமில்லை. ‘ஸ்டாட்’ போடுகிறவர் வார்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும், குரல் இல்லாமல் ‘ஸ்டாட்’ இல்லை என்று ஒரு விதி. காலை ரவுண்ட்ஸில் கணினியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டிலருகே கொண்டுபோய், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போதே டாக்டர் பதிய வேண்டும், பிறகு ஓ.பி.யிலிருந்து மாற்றினால் அதற்கும் போன். எல்லாவற்றையும்விட நிறுத்தச் சொல்லும் உத்தரவுகளுக்கு அழுத்தம் கொடுங்கள். புதிதாகச் சேர்த்த மருந்து தாமதமாகவாவது கண்ணில் படும், எடுத்துக் கொடுக்கத் திரையைப் பார்த்தே ஆக வேண்டுமே. நிறுத்திய மருந்து அப்படியில்லை. அது ஏற்கெனவே உங்கள் ட்ரேயில் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபாரினை டாக்டர் 7.50-க்கு நிறுத்தியிருப்பார். நீங்கள் 7.30-க்கே எடுத்துவைத்திருப்பீர்கள், 8 மணிக்குப் போட்டுவிடுவீர்கள். மருந்தைக் கொடுக்கும் நொடியில் இன்னொரு முறை திரையைப் பார்ப்பது நம் வேலை. நிறுத்தும்போது ஒரு வார்த்தை சொல்வது அவர்கள் வேலை. இந்த இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

இதை ஒட்டி ஒன்று. மூட்டுவாதத்துக்கும் தோல் நோய்க்கும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மருந்து. தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் கணினி எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும் ‘தினமும்’ என்று தானாகவே போட்டுவிடுகிறதா என்று பார்த்துவையுங்கள். அப்படி இருந்தால் நாளைக்கே கணினிப் பிரிவிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், கூட்டம் கூடும் வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த ஆன்டிபயாடிக் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்டது தவறு. ஆனால், தங்கையே, ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம்தான் நோயாளியை விட்டு நகரக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் மீதி ஒன்றே முக்கால் மணி நேரம் வார்டில் யாருமே திரையைப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதானே? இதை அந்த டாக்டர் சொல்வதற்கு முன்பு நீங்கள் சொல்லிவிடுங்கள். தனியாக அழைத்து, “அன்று எங்கள் பக்கமும் தாமதம் நடந்தது, டாக்டர். இனி ஒவ்வொரு ஷிஃப்டிலும் அரை மணிக்கு ஒரு முறை திரையைப் பார்க்க ஒருவரை நியமித்திருக்கிறோம். நீங்களும் ‘ஸ்டாட்’ போட்டால் ஒரு போன் செய்துவிடுங்கள். அடுத்த முறை ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னை உள்ளே அழைத்துக் கேளுங்கள்” என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல், ஆனால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நம்மில் பலர் அதை மட்டும் முழுங்கிவிட்டு, பிறகு மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருப்போம். நானும் இருந்திருக்கிறேன். அந்த மூன்று மாதத்தில் நஷ்டம் நோயாளிக்கு.

இன்சார்ஜ் சிஸ்டர். அவருடைய பதிவுகளை நீங்கள் யாரும் அவர் பெயரில் போட்டுக்கொடுக்காதீர்கள். அன்பினால் செய்கிறீர்கள், ஆனால் டாக்டரின் பாஸ்வேர்டுக்கு நான் சொன்னது இவருக்கும் பொருந்தும். எனக்குக் கணினி வந்தபோது வயது 54. ‘எண்டர்’ எங்கே என்று என் பேத்தி வயதுப் பெண்ணிடம் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வாரம் தலைவலி என்று சொல்லித் திரிந்தேன். பிறகு அந்தப் பெண்ணே ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் கால் மணி நேரம், ஒரே ஒரு வேலையை மட்டும் காட்டிக்கொடுத்தாள்: முதல் வாரம் மருந்து கொடுத்ததைப் பதிவது, அடுத்த வாரம் வார்டுக்கு வேண்டியதைக் கேட்டு அனுப்பும் இண்டென்ட். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள், அதுதான் பெரிய உதவி. உங்கள் சிஸ்டருக்கும் அப்படி ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தள்ளுவண்டியோடு ரவுண்ட்ஸ் தொடங்கினால் டாக்டரோடு கட்டில் கட்டிலாக நடக்கிறவர் அவராகவே இருக்கட்டும். எந்த நோயாளி எப்போது முகம் வாடினார் என்று பார்க்கத் தெரிந்தவர் அவர். தட்டச்சு செய்ய டாக்டருக்கு விரல் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலூர்க்காரரிடம் புயலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கரையேறியபோது, பல கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அன்று கேஸ் ஷீட் காகிதத்தில் இருந்தது, டார்ச் வெளிச்சத்தில் படித்தோம். இன்று ஜெனரேட்டர் இருக்கலாம். சர்வர் நின்றால், இணையம் போனால், வார்டில் யாருக்கு என்ன மருந்து ஓடுகிறது என்பது யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் மருந்துப் பட்டியலை அச்செடுத்து வையுங்கள். வெற்று டிரக் சார்ட் ஒரு கட்டு அலமாரியில் இருக்கட்டும். கணினி திரும்ப வந்ததும் காகிதத்தில் எழுதியதை யார் ஏற்றுவது, யார் சரிபார்ப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். டாக்டரும் நர்ஸும் ஒன்றாக உட்கார்ந்து பேசவேண்டிய விஷயம் இது. யார்மீதும் குற்றம் சொல்லாத பேச்சு என்பதால் முதல் கூட்டத்தை இதிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டு வார நோட்டு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதோடு, அந்த அலமாரியின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு நர்சிங் சூப்பரின்டெண்டன்ட், புதுச்சேரி